வீட்டுப் பாம்பும் நெல்லைச் சீமையின் பருவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பு வாங்கும்போது கையில் தரும் குறிப்புத்தாளில் "கோடையில் சுறுசுறுப்பாக இருக்கும், குளிரில் ஒடுங்கும்" என்று ஒரு வரி இருக்கும். அது பனி கொட்டும் ஊர்களுக்காக எழுதியது. திருநெல்வேலியில் சித்திரை வெயில்தான் பாம்பை முடக்குகிறது, ஐப்பசி மழை அதை உசுப்பிவிடுகிறது, மார்கழி லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது. கீழே உள்ள பதில்கள் இங்கே வீடுகளில் வளரும் பால் பைத்தானையும் (ball python, பந்தாகச் சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) கார்ன் ஸ்நேக்கையும் (corn snake, அமெரிக்கப் பாம்பு) மனதில் வைத்து எழுதியவை. வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸ்.

சித்திரை, வைகாசியில் பகல் முழுக்க அசையாமல் கிடக்கிறது. குளிரில்தானே பாம்பு ஒடுங்கும்?

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. சுற்றியிருக்கும் காற்றும் தரையும் எவ்வளவு சூடோ அதை ஒட்டித்தான் அதன் உடம்பும் இருக்கும். சூடு வேண்டும்போது சூடான மூலைக்கும், போதும் என்றால் குளிர்ந்த மூலைக்கும் நகர்ந்து சமன்செய்துகொள்ளும். பால் பைத்தானுக்குச் சூடான மூலை 31 முதல் 33, குளிர்ந்த மூலை 25 முதல் 27 வரை இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு 28 முதல் 30, மறுமூலை 23 முதல் 25.

அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே 38-ஐத் தாண்டுவது இங்கே வழக்கம். மாடி அறை என்றால் உள்ளேயே 35, 36 காட்டும். அப்போது பாம்பை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியில், அதாவது டேங்கில், "குளிர்ந்த மூலை" என்று ஒன்று மிஞ்சுவதில்லை. போக்கிடம் இல்லாத பாம்பு பகலில் அசைவைக் குறைத்துக்கொண்டு, அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு எழுந்து அலையும். நீங்கள் தூங்கும் நேரம் அது. அதனால்தான் "நாள் முழுக்க அசையவில்லை" என்று தோன்றுகிறது.

கிடக்கும் விதத்தைக் கவனியுங்கள். மறைவிடத்துக்குள் சுருண்டு, தொட்டால் நாக்கை நீட்டிப் பார்க்கிறதா? அது ஓய்வு. நீளமாக விரிந்து, வயிற்றைக் கண்ணாடியோடு அழுத்திக்கொண்டோ தண்ணீர்க் கிண்ணத்திலேயோ மணிக்கணக்கில் கிடக்கிறதா? சூட்டிலிருந்து தப்பப் பார்க்கிறது.

பால் பைத்தானும் கார்ன் ஸ்நேக்கும் பருவத்துக்கு ஒரே மாதிரிதான் மாறுமா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காக்காரன். கானா, டோகோ, பெனின் நாடுகள் அதன் மண். கானா நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 5 முதல் 11 டிகிரிக்குள் இருக்கிறது, திருநெல்வேலி 8.7 டிகிரி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. இந்த அட்சரேகையில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே அதன் சொந்த ஊரிலும் பருவம் என்றால் பனிக்காலம், வெயில்காலம் என்பதல்ல; வறண்ட காலம், மழைக்காலம் என்பதுதான். வறட்சியில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் ஒடுங்கிக் கிடக்கும். காற்றில் ஈரம் ஏறும்போது வெளியே வரும்.

கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே உண்மையான குளிர்காலம் உண்டு, பகல் நீளமும் பல மணி நேரம் கூடிக் குறையும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் பட்டால் அது பால் பைத்தானைவிடச் சீக்கிரம் மந்தமாகும். கோடைச் சூட்டையும் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். அறை 32-க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் கார்ன் ஸ்நேக்குக்கு ஆபத்து தொடங்குகிறது.

கோடையில் டேங்கை எப்படிக் குளிர்விப்பது?

முதலில் இடத்தை மாற்றுங்கள். பணம் செலவாகாத, மிகப் பலன் தரும் வேலை இதுதான். மேற்குச் சுவரை ஒட்டிய டேங்கை ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். மாடியில் இருந்தால் கீழே கொண்டுவாருங்கள். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவு ஒன்பது பத்து மணிக்குத்தான் அதை அறைக்குள் கக்கும். "ராத்திரி ஆனால் குளிர்ந்துவிடும்" என்று மாடி அறையை நம்பாதீர்கள். பழைய காரைச் சுவர் வீடுகளில் பட்டாசலின் (கூடத்தின்) உள்மூலையும், நேர் வெயில் படாத தார்சாவும் (தாழ்வாரமும்) நல்ல இடங்கள். அடுக்களையை ஒட்டிய சுவர் வேண்டாம்.

இடம் மாற்றிய பிறகும் அறை 33-க்கு மேல் நின்றால் ஹீட் மேட்டையும் (டேங்கின் அடியில் ஒட்டும் சூடேற்றும் தகடு) பல்பையும் அணைத்துவிடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று விட்டுவைக்க வேண்டாம். கோடையில் அது பழுதானால், ஏற்கனவே சூடான அறையில் மேட் தொடர்ந்து எரியும்.

அடுத்து, மண்சட்டி. அகலமான ஒரு சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் பாம்பு நுழைகிற அளவு உடைத்து, உடைந்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். சட்டியின் முதுகில் காலை, மதியம், மாலை தண்ணீர் தெளித்தால், அது ஆவியாகும்போது உள்ளே சூடு குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். ஆனால் இது வறண்ட சூட்டில்தான் வேலை செய்யும். காற்றே பிசுபிசுவென்று இருக்கும் கடலோர ஊர்களில், உவரி, கூடங்குளம் பக்கம், தண்ணீர் ஆவியாக மறுக்கும். அங்கே சட்டி ஈரம்தான் சேர்க்கும்.

ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, துணியில் சுற்றி, டேங்கின் வலை மூடிக்கு மேலே ஒரு ஓரத்தில் வைக்கலாம். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். பாட்டிலை உள்ளே வைக்காதீர்கள், பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இரண்டு பாட்டில்களை மாற்றி மாற்றி வைத்தால் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை சமாளிக்கலாம்.

ஏசி அறையா? 26, 27-இல் வைத்து, டேங்கின் ஒரு மூலையில் மட்டும் ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட்டோடு ஓடவிடுவது எல்லாவற்றிலும் எளிது. ஆனால் ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும். பால் பைத்தானுக்குக் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் வேண்டும், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 50 போதும். ஈரப் பாசி வைத்த மறைவிடம் ஒன்று தனியாக இருக்கட்டும். ஏர்கூலர் காற்று டேங்கின் மேல் நேராகப் படக்கூடாது. பூட்டிய அறையில் கூலர் ஓடினால் ஈரம் 80-க்குப் போய்விடும்.

வெயில் தாக்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்ய வேண்டும்?

பகலில் ஓயாமல் சுற்றுவதும் வலையில் மூக்கைத் தேய்ப்பதும் முதல் அறிகுறி. வாய் திறந்து மூச்சு விடுவது, தலையை வானம் பார்த்துத் திருப்பிக்கொள்வது, கையில் எடுத்தால் கயிறு போலத் துவள்வது, மல்லாக்கப் போட்டால் தானாகப் புரண்டு நிமிர முடியாதது எல்லாம் முற்றிய நிலை. உடம்புச் சூடு 38-க்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து.

டேங்கிலிருந்து எடுத்து, 26-இலிருந்து 28-க்குள் உள்ள அறைக்குக் கொண்டுபோங்கள். அகலமான பாத்திரத்தில் உடம்பு பாதி நனையும் அளவுக்கு மட்டும் சாதாரணக் குழாய்த் தண்ணீர் விட்டுப் படுக்க வையுங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். தொட்டுப் பார்த்து, பானைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம், திடீர்க் குளிர் இன்னொரு அதிர்ச்சி. தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கூடவே இருங்கள். துவண்ட பாம்பு அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.

கோடைக்குப் பால் வைக்கலாமா?

வேண்டாம். பாம்புக்குப் பால் செரிக்காது. தாகத்தில் தவித்தால் எதையும் குடிக்கும், அவ்வளவுதான். தினமும் மாற்றிய தண்ணீர் போதும்.

ஆடிக் காற்றில் அங்குமிங்கும் அலைகிறது, தோலும் துண்டுதுண்டாக உரிகிறது. தென்காசியில் உள்ள நண்பரின் பாம்புக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஏன்?

இந்தச் சீமையில் பாம்பு வளர்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, கேரளப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் திறந்திருப்பதால் தென்காசி, குற்றாலம் பக்கம் மிச்சச் சாரல் கிடைக்கிறது. அங்கிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் கிழக்கே, நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் மேகம் தலைக்கு மேல் ஓடுமே தவிர மழை இருக்காது. வெறும் காற்று. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உங்கள் ஜன்னல் வழியே வந்து டேங்கின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது.

ஒரே ஆடி மாதம். தென்காசி டேங்குக்கு ஈரம் அதிகம், நெல்லை டேங்குக்கு ஈரம் போதாது. நண்பர் சொல்லும் யோசனை அவர் வீட்டுக்குச் சரி, உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அம்பாசமுத்திரம், பாபநாசம் மலையடிவாரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். வள்ளியூர் நெல்லையைவிடக் காற்று அதிகம்.

நெல்லைப் பக்கத்தார் செய்ய வேண்டியது: வலை மூடியின் முக்கால் பங்கைக் கெட்டி பிளாஸ்டிக் தாளாலோ அக்ரிலிக் பலகையாலோ மூடுங்கள், கால் பங்கு காற்றுக்கு விடுங்கள். தேங்காய் நார்த்தூள் படுக்கை மூன்று அங்குல உயரத்துக்கு இருக்கட்டும். மேலே தெளித்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆகவே டேங்கின் நாலு மூலைகளிலும் அரை டம்ளர் வீதம் தண்ணீரை அடியில் இறங்கும்படி ஊற்றுங்கள். மேல்பரப்பு உலர்ந்தும் அடி ஈரமாகவும் இருக்க வேண்டும். மேல்பரப்பு சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில் அழுகும். நார்த்தூள் நம் ஊரில் தாராளம், ஆனால் உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். வாளியில் மூன்று முறை அலசிப் பிழிந்து, நிழலில் அரைகுறையாக உலர்த்திய பிறகே போடுங்கள்.

ஆடியில் பாம்பு அலைவது பெரும்பாலும் ஈரமான இடத்தைத் தேடித்தான். ஈரப்பதம் சரியானதும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

தோல் உரிக்கும் முன் ஒரு வாரம் சோர்ந்து கிடப்பது பருவத்தாலா?

இல்லை, எந்த மாதத்திலும் நடக்கும். கண் பால் நிறமாக மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும், மறைவிடத்தை விட்டு வராது, இரை எடுக்காது. கண் தெளிந்த மூன்று நாலு நாளில் உரிக்கும். முழுவதும் முடிய ஒன்றிலிருந்து இரண்டு வாரம். பார்வை மங்கியிருப்பதால் சாதுவான பாம்பும் அப்போது சீறும், தூக்காதீர்கள். கண் மங்கியதுமே ஈரப்பதத்தை 70-க்கு உயர்த்தினால் தோல் ஒரே சட்டையாகக் கழன்று வரும்.

துண்டுதுண்டாக ஒட்டிக்கொண்டால், மூடியில் ஓட்டையிட்ட டப்பாவில் ஈரத் துண்டு விரித்து, 28-லிருந்து 30-க்குள் அரை மணி நேரம் வையுங்கள். துண்டுக்குள் ஊர்ந்து தானே கழற்றிக்கொள்ளும். வால் நுனியில் வளையம் போல ஒட்டிய தோலை விட்டுவிட்டால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். கண் மேல் ஒட்டிய சில்லை மட்டும் நகத்தாலோ இடுக்கியாலோ தொடவே கூடாது. அடுத்த உரிப்பில் வராவிட்டால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

சாரல் காலத்தில் மூக்கில் நுரை வருகிறது, "கிர்" என்று மூச்சுச் சத்தம் கேட்கிறது.

நுரையீரல் தொற்று. தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கம் ஆனி ஆடியிலும், மற்ற இடங்களில் ஐப்பசி கார்த்திகையிலும் இது வருகிறது. ஈரம் மட்டும் காரணமல்ல. ஈரமும் குளிரும் சேரும்போதுதான் நோய் பிடிக்கிறது. அதே 80 சதவீத ஈரம் 30 டிகிரியில் இருந்தால் பால் பைத்தான் தாங்கும். 23 டிகிரியில் தாங்காது. ஆகவே ஈரத்தைக் குறைக்கப் பாடுபடுவதைவிட, பால் பைத்தானின் சூடான மூலை 32-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். படுக்கையை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள், வலை மூடியை மறைத்திருக்கும் தாளை எடுத்துவிடுங்கள். நுரை கண்டுவிட்டால் இதெல்லாம் துணைக்குத்தான். மருந்து ஊசி வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் இரவெல்லாம் சுற்றுகிறது. பாம்புக்கு மழை முன்கூட்டியே தெரியுமா?

வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு மெய்யான மழை. அது வரும்போது சூடு இறங்கி, ஈரம் ஏறி, காற்றழுத்தம் குறைகிறது. பால் பைத்தானுக்கு இதெல்லாம் "வெளியே வா" என்ற செய்தி. ஆண் பாம்பாக இருந்தால் கார்த்திகையிலிருந்து மாசி, பங்குனி வரை துணை தேடி அலையும். இரையைத் திரும்பியும் பார்க்காமல் டேங்கைச் சுற்றிச் சுற்றி வரும். நோய் அல்ல. மழைக்கு முந்தின நாளே சுறுசுறுப்பாகிவிடுகிறது என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வதுண்டு, ஆனால் அதை வைத்துக் குடை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது.

இந்த மாதங்களில்தான் பாம்புகள் டேங்கை விட்டுத் தப்புகின்றன. வலை மூடிக்கு இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள். மேலே புத்தகம் அடுக்கி வைப்பது பூட்டு ஆகாது. ஒரு கிலோ எடையுள்ள பால் பைத்தான் தலையால் முட்டித் தூக்கிவிடும். கதவு சரியும் டேங்கானால், மழை ஈரத்தில் பிளைவுட் ஊதி, சந்து விழுந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள்.

மழைக்காலக் கொசுவுக்கு என்ன செய்வது?

டேங்க் இருக்கும் அறையில் கொசுவத்திச் சுருள், லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து பாம்பின் நரம்பைத் தாக்கும். சாம்பிராணிப் புகை, கற்பூரம், பாச்சா உருண்டையும் வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் போலக் கருப்புப் புள்ளிகள் கிடந்தால் அது கொசுவல்ல, பாம்பு உண்ணி. அரிப்பு தாங்காமல்தான் பாம்பு தண்ணீரிலேயே கிடக்கும்.

மார்கழி பிறந்ததிலிருந்து சாப்பிடவில்லை. எத்தனை நாள் பொறுக்கலாம்?

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தராசைப் பாருங்கள். அடுக்களைக்கு விற்கும் ஐந்து கிலோ டிஜிட்டல் தராசு, அதன் மேல் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கழிவு போட்ட பிறகு எடை பாருங்கள். வளர்ந்த, நல்ல சதையுள்ள பால் பைத்தான் இரண்டு மூன்று மாதம் சாப்பிடாமல் இருந்தும் எடை குறையாமல் நிற்பது சாதாரணம். 1,500 கிராம் பாம்பு 1,350 கிராமுக்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்தினால் எடை பார்க்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

குட்டிக்கு இந்தப் பொறுமை கூடாது. 200 கிராமுக்குக் கீழே உள்ளது நாலு வாரம் சாப்பிடாவிட்டால் ஏதோ தவறு. பெரும்பாலும் டேங்க் பெரிதாக, மறைவிடம் போதாமல் இருக்கும். உடம்பு நாலு பக்கமும் உரசும்படியான சின்ன மறைவிடம் இரண்டு வையுங்கள், ஒன்று சூட்டில், ஒன்று குளிரில்.

இரையை வாராவாரம் நீட்டி நீட்டித் தொந்தரவு செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இருட்டிய பிறகு, உறைய வைத்த எலியை ஐஸ் விட்ட பிறகு வெந்நீரில் வைத்து 38 டிகிரிக்குக் கொண்டுவந்து இடுக்கியில் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். கோடையில் உருகிய எலி இரண்டு மணி நேரத்தில் கெட்டுவிடும்.

நம் ஊர் மார்கழிக்கு ஹீட் மேட் தேவையா?

சமவெளியில் விடியற்காலை வெளியே 22, 23 வரை இறங்கும். கான்கிரீட் வீட்டுக்குள் அதைவிட இரண்டு மூன்று கூடவே இருக்கும். பாம்பு உயிர் வாழ இது போதும், ஆனால் தின்ற இரை செரிக்காது. டேங்கின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேட் ஒட்டுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைப் போடவே கூடாது. சில மேட்கள் தனியே விட்டால் 45-க்கு மேல் போகும். பாம்புக்கு வயிற்றில் சுடுவது தாமதமாகத்தான் உறைக்கும், அதற்குள் செதில் வெந்துவிடும். தெர்மோஸ்டாட்டின் உணர்கருவியை உள்ளே விட்டால் பாம்பு இழுத்துப் போட்டுவிடும் அல்லது தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். டேங்க் குளிர்ந்திருப்பதாகத் தெர்மோஸ்டாட் எடுத்துக்கொள்ளும், மேட் எரிந்துகொண்டே இருக்கும். உணர்கருவியை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே டேப் போட்டு ஒட்டி, உள்தரையில் வேறொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் 32 (கார்ன் ஸ்நேக்குக்கு 30) காட்டும்வரை அளவைக் கூட்டுங்கள். வட்ட முள் மீட்டர்களை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று டிகிரி தவறாகக் காட்டும்.

இரை எடுத்த மூன்றாம் நாள் அப்படியே கக்கிவிட்டது.

தின்ற பிறகு சூடு போதவில்லை, அல்லது இரை பெரிது, அல்லது 48 மணி நேரத்துக்குள் தூக்கிவிட்டீர்கள். கார்த்திகையில் இரவு முழுக்க மின்சாரம் போன மறுநாள் கக்குவது இதனால்தான். உடனே இன்னொரு எலி கொடுக்காதீர்கள். தொண்டையும் வயிறும் அமிலத்தில் புண்ணாகியிருக்கும். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும், பிறகு வழக்கமான அளவில் பாதி எடையுள்ள இரை. மறுபடி கக்கினால் மலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

கார்ன் ஸ்நேக்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து உறங்க வைக்க வேண்டுமாமே?

வேண்டாம். அது குட்டி எடுப்பதற்காகச் சிலர் செய்வது. 10 முதல் 15 டிகிரியில் எட்டு பத்து வாரம், வயிறு காலியான நிலையில், தினமும் கவனித்துச் செய்யும் வேலை. உடல்நலத்துக்கு அது அவசியமில்லை. குளிர்பதனப் பெட்டியில் காற்று மாறாது. வயிற்றில் இரையோடு போனால் அது உள்ளேயே அழுகி, பாம்பு செத்துவிடும்.

தனியாக வளரும் பெண் பாம்பு மாசி, பங்குனியில் வயிறு பெருத்து அலைகிறது.

ஆண் இல்லாமலும் முட்டை வைக்கும், கார்ன் ஸ்நேக் குறிப்பாக. பொரியாத மஞ்சள் முட்டைகள். ஈரப் பாசி நிரப்பிய டப்பாவில் நுழைவாயில் வெட்டி வையுங்கள். சில முட்டை வைத்துவிட்டு, மிச்சம் வயிற்றில் கட்டிகட்டியாகத் தெரிந்து இரண்டு நாள் தாண்டினால், அழுத்தி வெளியேற்றப் பார்க்காதீர்கள், உள்ளே கிழிந்துவிடும்.

வெள்ளத்தில் மின்சாரம் நாள்கணக்கில் போனால்?

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வரை தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்படிப்பட்ட நேரத்தில் பாம்புக்குச் சூட்டைவிட வெளியேற வழி முக்கியம். தடித்த பருத்தித் தலையணை உறை, அதன் வாயை முறுக்கி ஒரு முடிச்சு, அதை வைக்கக் காற்றுத்துளை போட்ட மூடியுள்ள டப்பா. ஐப்பசி பிறக்கும்போதே பரணில் தயாராக இருக்கட்டும். டேங்க் தரையில் இருந்தால் மேசைக்கு ஏற்றுங்கள்.

மின்சாரம் மட்டும் போனால் பயமில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதியைக் கணக்கில் எடுத்தாலும் சுமார் 900 வாட்-மணி கிடைக்கும். 20 வாட் மேட் அதில் ஒரு நாளுக்கு மேல் ஓடும். 100 வாட் செராமிக் பல்பு என்றால் ஒன்பது மணி நேரம் தேறாது. இன்வெர்ட்டரும் இல்லையா? வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, டேங்கின் வெளிச்சுவரோடு ஒட்டி வைத்து, மேலே போர்வை போர்த்துங்கள். அந்த நாட்களில் இரை கொடுக்கக்கூடாது. பெட்டியில் உருகிப்போன எலிகளை மறுபடி உறைய வைக்காமல் புதைத்துவிடுங்கள்.

மழைநாளில் வீட்டில் ஒரு பாம்பு கிடக்கிறது. தப்பிய எங்கள் பால் பைத்தான்தானா?

கையை நீட்டும் முன் நில்லுங்கள். கண்ணாடி விரியனும் பால் பைத்தானைப் போலவே தடித்த உடம்பும் பழுப்புத் திட்டுகளும் கொண்டது. மலைப்பாம்புக் குட்டி, மண்ணுளி என்று நினைத்து விரியனைத் தொட்டுக் கடிபடுவது நம் நாட்டில் புதிதல்ல. விரியனின் முதுகில் சங்கிலி போல மூன்று வரிசை வட்டங்கள் ஓடும், செதில் சொரசொரப்பாக ஒளியில்லாமல் இருக்கும், குக்கர் விசில் போல உரக்கச் சீறும். பால் பைத்தான் வழவழவென்று மின்னும், பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளிக்கும். டார்ச் வெளிச்சத்தில் இந்த வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். டேங்க் காலியா என்று முதலில் போய்ப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அறையைப் பூட்டி, கதவுச் சந்தில் துண்டைத் திணித்து, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும்.

இரைக்காக வீட்டில் எலி வளர்த்தால், அந்த வாசனைக்குச் சாரையும் நல்ல பாம்பும் வரும். எலிக்கூண்டை டேங்க் அறையிலும் படுக்கையறையிலும் வைக்காதீர்கள்.

வயலில் பிடித்த சாரையையோ மண்ணுளியையோ வளர்க்கலாமா?

கூடாது. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம். 2022 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு, அதைப் பெற்ற 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வளர்க்க முடியவில்லை என்று எதையும் காட்டிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அந்நிய நோயையும் உண்ணியையும் நம் பாம்புகளுக்குக் கொடுத்தவர்களாவோம்.

சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பாம்பின் புண்ணில் பூசலாமா?

சங்கன், பதுமன் என்ற நாகங்களின் தலத்தில் அந்த மண்ணுக்கு உள்ள மதிப்பு வேறு. திறந்த புண்ணில் எந்த மண் பட்டாலும் கிருமி இறங்கும். பூச வேண்டாம்.

எந்த மருத்துவரிடம் காட்டுவது, என்ன கொண்டுபோவது?

ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வனவற்றைப் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். காலையிலேயே கிளம்புங்கள்; கோடை மதியத்தில் மூடிய காருக்குள் பத்து நிமிடம் விட்டாலும் பாம்பின் உயிருக்கு ஆபத்து.

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் இரண்டு மூலைகளின் சூடு, ஈரப்பதம், எடை, இரை எடுத்த நாளும் எலியின் எடையும், மலம் போட்ட நாள், தோல் உரித்த நாள். ஒரு வருடம் எழுதினால், உங்கள் பாம்பு எந்த மாதம் மந்தமாகும், எப்போது அலையும் என்பது தெரிந்துவிடும். சென்ற மார்கழியில் எட்டு வாரம் சாப்பிடாமல் 20 கிராம்தான் குறைந்தது என்று நோட்டில் இருந்தால், இந்த மார்கழியில் ஆறாவது வாரம் மருத்துவரைத் தேடி ஓட வேண்டியிருக்காது. அதே நோட்டில் மே மாதம் மதியம் மூன்று மணிக்குக் குளிர்ந்த மூலை 34 என்று இருந்தால், அடுத்த சித்திரை பிறக்கும் முன்பே டேங்கைக் கீழே இறக்கிவிடுங்கள்.